பவளத்தின் உள்ளே ஒரு சமையலறை

புக்கிட் பாத்தோக் இயற்கைப் பூங்கா இருக்கும் இடத்தில் முன்பு கருங்கல் வெட்டி எடுக்கப்பட்டது. கல்லுடைக்கும் வேலை நின்றபின் பள்ளத்தில் நீர் தேங்கிக் குளமானது. சுற்றிலும் மரங்கள் வளர்ந்தன. 1988ஆம் ஆண்டில் அந்த இடம் பூங்காவாக உருப்பெற்றது. இன்று அங்கு நடந்து செல்பவர்களுக்கு எத்திசையிலும் பச்சை இலைகள்தாம் தெரியும்.

அந்த இலைகள் ஒவ்வொன்றும் ஒரு சமையலறை. சூரிய ஒளி அங்கே அடுப்பு. காற்றிலுள்ள கரியமிலவாயுவும் மண்ணிலிருந்து வரும் நீரும் சமையல் பொருள்கள். சமைத்து முடிந்ததும் கிடைப்பது சர்க்கரை. இதைத்தான் நாம் ஒளிச்சேர்க்கை என்கிறோம்.

இதே வேலை சிங்கப்பூரின் தென்கடலிலும் நடைபெறுகிறது. சிஸ்டர்ஸ் தீவுகள், செயிண்ட் ஜான்ஸ் தீவு, புலாவ் ஹந்து ஆகியவற்றைச் சுற்றியுள்ள கடலடியில் பவளங்கள் வாழ்கின்றன. அவற்றுக்கு இலை இல்லை; வேர் இல்லை. பவளம் தாவரமே அன்று. அது ஒரு விலங்கு. ஆயினும், அதன் உடலுக்குள் ஒளிச்சேர்க்கை நடைபெறுகிறது. அது எப்படி? அந்தச் சமையலறையை நடத்துபவர் யார்? கடல் சூடேறும்போது அந்தச் சமையலறைக்கு என்ன நேர்கிறது? இவற்றுக்கு விடை தேடினால், மிகச் சிறிய ஒரு நொதியின் நீண்ட வரலாற்றில் போய் நிற்போம்.

குடியிருக்கும் பாசி

பவளம் என்றதும் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது நவமணிகளுள் ஒன்றான செம்பவளம். மோதிரத்திலும் மாலையிலும் பதிக்கப்படும் அந்தப் பவளம், ஒளி குறைந்த கடல் பகுதிகளில் வளர்வது. அதன் சிவப்பு நிறம் அதன் கூட்டிலேயே ஊறியிருக்கிறது. அதற்குள் பாசி எதுவும் குடியிருப்பதில்லை.

பவளத் திட்டுகளைக் கட்டும் பவளங்களின் கதை வேறு. அவற்றின் சுண்ணாம்புக் கூடு வெண்மையானது. அந்தக் கூட்டின்மேல் மெல்லிய சதைப்படலம் ஒன்று போர்த்தியிருக்கும். அந்தச் சதையின் உயிரணுக்களுக்குள்தான் நுண்பாசிகள் வாழ்கின்றன. ஒரு சதுர சென்டிமீட்டர் பரப்பில் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட பாசிகள் இருக்கக்கூடும். பவளத்திற்குப் பழுப்பும் பச்சையும் கலந்த நிறத்தைத் தருபவை பெரும்பாலும் இவையே.

பாசிக்கும் பவளத்துக்கும் இடையே ஒரு கொடுக்கல் வாங்கல் உண்டு. பாசி தான் தயாரிக்கும் சர்க்கரையின் பெரும்பகுதியைப் பவளத்துக்குக் கொடுக்கிறது. பவளத்துக்குத் தேவையான ஆற்றலில் 90 விழுக்காடு வரை இவ்வழியே கிடைக்கக்கூடும். பவளமோ பாசிக்குப் பாதுகாப்பான இடத்தையும் கரியமிலவாயுவையும் தன் கழிவிலுள்ள ஊட்டச்சத்துகளையும் கொடுக்கிறது. இப்படி இரண்டு உயிர்கள் ஒன்றையொன்று சார்ந்து வாழ்வதைக் கூட்டுயிர் வாழ்க்கை என்பர்.

பல பவளங்களின் குஞ்சுகள் பிறக்கும்போது பாசியோடு பிறப்பதில்லை. சிங்கப்பூரில் ஏப்ரல் மாதவாக்கில், முழுநிலவு நாளை அடுத்த சில இரவுகளில், பல வகைப் பவளங்கள் ஒரே நேரத்தில் கருமுட்டைகளைக் கடலில் வெளியிடுகின்றன. அவற்றிலிருந்து உருவாகும் இளம்பவளங்கள் தம் பாசியைக் கடல்நீரிலிருந்து தாமே தேடிக்கொள்கின்றன. வேறு சில பவளங்கள், தாய்வீட்டுச் சீதனம்போல, முட்டையிலேயே பாசியை வைத்து அனுப்புகின்றன.

மெதுவாக வேலை செய்யும் தொழிலாளி

ஒளிச்சேர்க்கையில் பல நொதிகள் பங்கு கொள்கின்றன. நொதி என்பது உயிரணுவுக்குள் ஒரு வேதிவினையை விரைவுபடுத்தும் புரதம். அவற்றுள் தலையாயது ருபிஸ்கோ. காற்றிலோ நீரிலோ உள்ள கரியமிலவாயுவைப் பிடித்து, சர்க்கரை செய்வதற்கான முதற்படியில் சேர்ப்பது இதன் வேலை. நாம் உண்ணும் சோற்றிலும் கீரையிலும் மீனிலும் உள்ள கரிமம் ஏறக்குறைய முழுவதும் எப்போதோ ஒரு ருபிஸ்கோவின் கை வழியாக வந்ததுதான்.

இவ்வளவு முக்கியமான நொதி வேகத்தில் மிகவும் பின்தங்கியது. நம் இரத்தத்தில் கரியமிலவாயுவைக் கையாளும் கார்போனிக் அன்ஹைட்ரேஸ் என்னும் நொதி, ஒரு விநாடியில் பத்து இலட்சம் வரையிலான மூலக்கூறுகளைக் கையாளவல்லது. தாவரங்களின் ருபிஸ்கோவோ ஒரு விநாடியில் ஒரு சில மூலக்கூறுகளை மட்டுமே பிடிக்கிறது. வேகம் இல்லாததால் எண்ணிக்கையைக் கூட்டித்தான் ஈடுகட்ட வேண்டியிருக்கிறது. அதனால் ஒவ்வோர் இலையிலும் ருபிஸ்கோ குவிந்து கிடக்கிறது. உலகில் மிகுதியாக உள்ள புரதங்களுள் இதுவும் ஒன்று என்று அறிவியலாளர்கள் கூறுகின்றனர்.

ருபிஸ்கோவுக்கு இன்னொரு குறையும் உண்டு. அது கரியமிலவாயுவையும் உயிர்வாயுவையும் சரியாக வேறுபடுத்துவதில்லை. காப்பிக் கடையில் கூட்டம் நெரியும்போது, 'கோப்பி ஓ' கேட்டவருக்குப் பால் சேர்த்த காப்பி போய்ச் சேர்வதுண்டு. பிறகு அதைத் திரும்ப வாங்கி, வேறு கலக்கித் தரவேண்டும். நேரமும் பொருளும் வீண். அதைப்போலவே, ருபிஸ்கோ உயிர்வாயுவைத் தவறாகப் பிடித்துவிட்டால், விளைவது பயன்படாப் பொருள். அதைச் சரிசெய்ய உயிரணு தன் ஆற்றலைச் செலவிட வேண்டியுள்ளது.

இந்தக் குறைக்குக் காரணம் அதன் வயது. ருபிஸ்கோ தோன்றிய காலத்தில் பூமியின் காற்றில் உயிர்வாயு இல்லை என்றே சொல்லலாம். அது ஏறத்தாழ 240 கோடி ஆண்டுகளுக்கு முன்புதான் காற்றில் கூடத் தொடங்கியது. பிரித்தறிய வேண்டிய தேவையே இல்லாத காலத்தில் உருவான நொதி, இன்று உயிர்வாயு நிறைந்த உலகில் வேலை செய்கிறது.

ஒரே பெயர், இரு வடிவங்கள்

புக்கிட் பாத்தோக்கின் சாலையோரத் தூங்குமூஞ்சி மரத்தில் இருக்கும் ருபிஸ்கோவும் தென்கடல் பவளத்தின் பாசியில் இருக்கும் ருபிஸ்கோவும் ஒன்றுதானா? நெடுங்காலம் அப்படித்தான் எண்ணப்பட்டது. ஏனென்றால், உயிர்வாயுவை வெளியிட்டு ஒளிச்சேர்க்கை செய்யும் உயிர்களில் அதுவரை ஆராயப்பட்ட அனைத்திலும் ஒரே அடிப்படை வடிவம் காணப்பட்டது. அதை முதல் வடிவம் என்று அழைப்போம். அது எட்டுப் பெரிய துண்டுகளும் எட்டுச் சிறிய துண்டுகளும் சேர்ந்து அமைந்தது.

இதைவிட எளிமையான மற்றொரு வடிவமும் உண்டு. அதில் பெரிய துண்டுகள் மட்டுமே இருக்கும். சிறிய துண்டுகள் இல்லை. இந்த இரண்டாம் வடிவம், உயிர்வாயு குறைந்த சேற்றிலும் நீரிலும் வாழும் சில பாக்டீரியாக்களுக்கு உரியது. உயிர்வாயுவையும் கரியமிலவாயுவையும் பிரித்தறிவதில் இது முதல் வடிவத்தைவிடப் பல மடங்கு பின்தங்கியது. உயிர்வாயு குறைவாக உள்ள இடத்தில் வாழும் பாக்டீரியாவுக்கு அதனால் பெரிய நட்டமில்லை.

பவளப் பாசியின் ருபிஸ்கோவை ஆராய முயன்றவர்களுக்கு ஒரு சிக்கல் இருந்தது. பாசியின் உயிரணுவை உடைத்து நொதியை வெளியே எடுத்தால், அது சிறிது நேரத்திலேயே செயலிழந்துவிடும். எனவே, ஆய்வாளர்கள் நொதியின் புரத வரிசையையும் அதற்கான மரபணுவையும் படிக்கத் தொடங்கினர். 1995, 1996ஆம் ஆண்டுகளில் வெளிவந்த ஆய்வுகள் எதிர்பாராத செய்தியைச் சொல்லின. சுழல்கசையுயிரிகள் எனப்படும் பாசி வகையிலும், அவ்வகையைச் சேர்ந்த பவளப் பாசிகளிலும் இருப்பது இரண்டாம் வடிவம்! பாக்டீரியாவின் நொதி, உயிர்வாயுவை உண்டாக்கும் பாசிக்குள் வேலை செய்துகொண்டிருந்தது.

பெட்டிக்குள் பெட்டி

இந்த நொதி பாசிக்குள் எப்படி வந்தது? இதற்கு விடை சொல்ல, பாசியின் குடும்பக் கதையைக் கொஞ்சம் பின்னோக்கிப் பார்க்க வேண்டும்.

முன்னொரு காலத்தில், ஒளிச்சேர்க்கை செய்யும் நீலப்பச்சை பாக்டீரியா ஒன்றை வேறோர் உயிரணு விழுங்கியது. விழுங்கப்பட்டது செரிக்கவில்லை. அது உள்ளேயே தங்கிப் பசுங்கணிகமாக மாறிற்று. அந்த வழியில் வந்தவற்றுள் சிவப்புப் பாசியும் ஒன்று. பின்னர், சுழல்கசையுயிரிகளின் மூதாதை அச்சிவப்புப் பாசி வழிவந்த ஒன்றைத் தனக்குள் ஏற்றுக்கொண்டது. அந்த மூதாதையின் வழித்தோன்றல்களுள் சில, பவளத்துக்குள் குடிபுகுந்தன. பெட்டிக்குள் பெட்டி, அதற்குள் இன்னொரு பெட்டி என்பதுபோல, ஒரு பவளத்தைத் திறந்தால் உள்ளே பல உயிர்களின் வரலாறு அடுக்கடுக்காக இருக்கிறது.

சிவப்புப் பாசியிடம் இருந்தது முதல் வடிவ ருபிஸ்கோ. ஆகவே, பவளப் பாசியும் அதைத்தான் மரபுரிமையாகப் பெற்றிருக்க வேண்டும். ஆனால், அந்த மரபணு வழியில் தொலைந்துபோயிற்று. அதன் இடத்தில் பாக்டீரியாவிடமிருந்து வந்த இரண்டாம் வடிவத்தின் மரபணு அமர்ந்தது. பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு வராமல், உறவே இல்லாத ஓர் உயிரிடமிருந்து மரபணு வந்து சேர்வதைக் கிடைமட்ட மரபணுப் பெயர்ச்சி என்பர். பரம்பரைச் சொத்து போய், பக்கத்து வீட்டுப் பொருள் குடும்பச் சொத்தானதைப் போன்றது இது.

இன்னொரு வேறுபாடும் உண்டு. மரத்தில் ருபிஸ்கோவின் பெரிய துண்டுக்கான மரபணு பசுங்கணிகத்துக்குள் இருக்கிறது. பவளப் பாசியிலோ அது உயிரணுவின் உட்கருவில் இருக்கிறது. அதுவும் ஒரே ஒரு படி அன்று. பல படிகள் வரிசையாக அமைந்துள்ளன. அந்த வரிசை முதலில் ஒரே நீண்ட புரதமாக உருவாகிப் பின்னர்த் தனித்தனித் துண்டுகளாகப் பிரிகிறது. பாசியின் பசுங்கணிகத்தில் எஞ்சியுள்ள மரபணுக்களும் விந்தையானவை. அவை ஒரே நீண்ட வளையத்தில் இல்லாமல், பெரும்பாலும் வளையத்துக்கு ஒன்றாகச் சின்னஞ்சிறு வளையங்களில் இருக்கின்றன.

குறையை நிறையாக்கும் கூட்டணி

உயிர்வாயுவைக் கண்டால் தடுமாறும் நொதி. அதை வைத்திருக்கும் பாசியோ பகல் முழுவதும் உயிர்வாயுவை வெளியிடுகிறது. பிறகு எப்படி அது பிழைக்கிறது? ருபிஸ்கோவைச் சுற்றிக் கரியமிலவாயுவைக் குவித்துவைத்தால் தவறு குறையும். பாசியும் பவளமும் சேர்ந்து அதைத்தான் செய்கின்றன.

கடல்நீரில் கரைந்துள்ள கரிமத்தில் கரியமிலவாயுவாக இருப்பது ஒரு விழுக்காட்டுக்கும் குறைவு. பெரும்பகுதி பைகார்பனேட் என்னும் வடிவில் உள்ளது. ருபிஸ்கோவால் அதைப் பயன்படுத்த இயலாது. ஆகவே, பவளம் முதலில் பைகார்பனேட்டை உள்ளே இழுக்கிறது. பாசி குடியிருக்கும் சிறு அறைக்குள் அமிலத்தன்மையைக் கூட்டுகிறது. நாம் முன்பு பார்த்த கார்போனிக் அன்ஹைட்ரேஸ் அங்கும் பணியில் இருக்கிறது. அது பைகார்பனேட்டை விரைவாகக் கரியமிலவாயுவாக மாற்றித் தருகிறது. சமையல்காரர் மெதுவாக வேலை செய்தாலும், பொருள்களை நறுக்கிக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துக் கொடுக்க ஆளிருந்தால் சமையல் தடையின்றி நடக்குமல்லவா?

அடுப்பு எரிகிறது, பானை நகரவில்லை

கடல்நீரின் வெப்பம், ஆண்டின் மிக வெப்பமான மாதங்களில் வழக்கமாக இருப்பதைவிட ஒரு பாகை செல்சியஸ் மட்டுமே கூடி, அந்நிலை சில வாரங்கள் நீடித்தாலும் போதும். பாசியின் ஒளிச்சேர்க்கை தடுமாறத் தொடங்கிவிடுகிறது.

காலை நேரத்து எம்ஆர்டி நிலையத்தைக் கற்பனை செய்து பாருங்கள். இரயில்கள் அடுத்தடுத்து வந்து பயணிகளை இறக்குகின்றன. திடீரென்று வெளியேறும் கதவுகள் பழுதாகிவிடுகின்றன. ஆனால், இரயில்கள் நிற்கவில்லை. சற்று நேரத்தில் மேடையில் நெரிசல் ஆபத்தாகிவிடும். பாசிக்குள்ளும் இதுவே நடக்கிறது. ஒளி விழுந்துகொண்டே இருக்கிறது. ஆற்றல் வந்துகொண்டே இருக்கிறது. ஆனால், அதைப் பயன்படுத்திச் சர்க்கரை செய்யும் வேலை தளர்ந்துவிடுகிறது. தேங்கிய ஆற்றல், உயிரணுவைத் தாக்கும் நச்சு உயிர்வாயு வடிவங்களை உண்டாக்குகிறது. முதலில் தளர்வது ருபிஸ்கோவும் அதனைச் சார்ந்த நொதிகளுமா, அல்லது ஒளியைப் பிடிக்கும் கருவியா என்பதில் அறிவியலாளர்களிடையே இன்றும் கருத்து வேறுபாடு உண்டு. இரண்டும் ஒன்றையொன்று பாதிக்கின்றன என்பதில் ஐயமில்லை.

நச்சு பெருகும்போது கூட்டுயிர் வாழ்க்கை முறிகிறது. பவளம் பாசிகளை இழக்கிறது. நிறம் போய், சதையின் ஊடே வெண்ணிறக் கூடு தெரிகிறது. இதைப் பவள வெளிறல் என்கிறோம். வெளிறிய பவளம் செத்த பவளம் அன்று. பட்டினி கிடக்கும் பவளம். சில வாரங்களுக்குள் நீர் குளிர்ந்தால் பாசிகள் மீண்டும் பெருகும், பவளம் தேறிவிடும். குளிராவிட்டால் மடிந்துவிடும்.

சிங்கப்பூர் கண்ட வெப்பம்

உலகில் திட்டுகளைக் கட்டும் பவளங்கள் ஏறத்தாழ 800 வகை. அவற்றுள் 250க்கும் மேற்பட்டவை சிங்கப்பூரில் உள்ளன. கப்பல் போக்குவரத்து மிகுந்த, கலங்கிய கடலில் இவ்வளவு வகைகள் வாழ்வது வியப்புக்குரியது. 1960களிலிருந்து நடந்த நிலமீட்புப் பணிகளில் பவளத் திட்டுகளின் பெரும்பகுதி மறைந்துவிட்டது. எஞ்சியிருப்பவற்றை வெப்பம் இப்போது சோதிக்கிறது.

1998ஆம் ஆண்டில் சிங்கப்பூரின் பவளங்களில் ஏறத்தாழ 90 விழுக்காடு வெளிறின. நான்கில் ஒரு பங்கு மீளவில்லை. பின்னர் 2010, 2016, 2024ஆம் ஆண்டுகளிலும் வெளிறல் நிகழ்ந்தது. மன்னார் வளைகுடாவிலும் 2010, 2016ஆம் ஆண்டுகளில் பவளங்கள் வெளிறின. இராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே உள்ள அந்தப் பகுதியின் மீனவர்களுக்குப் பவளத் திட்டு என்பது மீன் தங்கும் வீடு. அது சரிந்தால் வலையும் வெறுமையாகும்.

ஆனால், 2010ஆம் ஆண்டின் வெளிறலில் நம்பிக்கை தரும் ஒரு செய்தியும் இருந்தது. வழக்கமாக வெப்பத்துக்கு முதலில் பலியாகும் சில கிளைப் பவளங்கள், சிங்கப்பூரில் அவ்வாண்டு எதிர்பார்த்ததைவிடக் குறைவாகவே வெளிறின. 1998ஆம் ஆண்டின் வெப்பத்தைச் சந்திக்காத இந்தோனேசியாவின் வே தீவிலோ அதே வகைகள் கடுமையாக வெளிறின. முன்பு அடிபட்ட இடத்தில் தாக்குப்பிடிக்கக் கூடியவை எஞ்சியிருக்கலாம், அல்லது எஞ்சியவை பழகிக்கொண்டிருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதினர்.

பாசிகள் எல்லாம் ஒன்றல்ல

பவளப் பாசி என்பது ஒரே இனம் என்று முன்பு எண்ணினார்கள். மரபணுக்களைப் படித்தபின் அது பெரிய குடும்பம் என்பது தெளிவாயிற்று. 2018ஆம் ஆண்டில் அறிவியலாளர்கள் அக்குடும்பத்தைப் பல பேரினங்களாகப் பிரித்துப் பெயரிட்டனர். டைனோசர்கள் உலவிய காலத்தில், ஏறத்தாழ 16 கோடி ஆண்டுகளுக்கு முன்பே, இக்குடும்பம் கிளைவிடத் தொடங்கியது என்றும் கணித்தனர்.

சிங்கப்பூர்ப் பவளங்களில் பரவலாகக் காணப்படுபவை கிளாடோகோப்பியம், டூருஸ்டினியம் என்னும் இரண்டு பேரினங்கள். இவற்றுள் டூருஸ்டினியத்தின் பெயரிலேயே 'உறுதி' என்னும் பொருள்படும் இலத்தீன் சொல் உள்ளது. அதன் சில இனங்கள் வெப்பத்தை நன்கு தாங்குகின்றன. அப்படியென்றால் எல்லாப் பவளங்களுக்கும் அதையே கொடுத்துவிடலாமே என்று தோன்றும். ஆனால், அது பல வேளைகளில் பவளத்துக்குக் குறைவான உணவையே கொடுக்கிறது. பவளத்தின் வளர்ச்சி மெதுவாகிறது. உறுதிக்கும் வளர்ச்சிக்கும் இடையே ஒரு விலை இருக்கிறது.

ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் வேறு வழியில் முயன்றனர். அவர்கள் ஒரு வகைப் பாசியை ஆய்வகத்தில் 31 பாகை வெப்பத்தில் நான்கு ஆண்டுகள் வளர்த்தனர். பாசி விரைவாகப் பெருகுவதால் அந்த நான்கு ஆண்டுகளில் பல தலைமுறைகள் கடந்தன. 2020ஆம் ஆண்டில் வெளியான முடிவுகளின்படி, அவ்வாறு வளர்க்கப்பட்ட பத்துக் கிளைவகைகளில் மூன்று, இளம்பவளங்களின் வெப்பம் தாங்கும் ஆற்றலைக் கூட்டின. அம்மூன்றிலும் கரியமிலவாயுவைப் பிடிக்கும் மரபணுக்கள் கூடுதலாகச் செயல்பட்டன. நாம் தொடங்கிய அதே சமையலறைக்கே இந்த ஆய்வும் வந்து சேர்ந்தது.

நம் கடலில் நடக்கும் பணி

சிங்கப்பூரின் முதல் கடல் பூங்கா, 2014ஆம் ஆண்டில் சிஸ்டர்ஸ் தீவுகளில் அறிவிக்கப்பட்டது. செயிண்ட் ஜான்ஸ் தீவிலுள்ள தேசியக் கடல் ஆய்வகத்தில் பவளங்களும் அவற்றின் பாசிகளும் ஆராயப்படுகின்றன. 2024ஆம் ஆண்டு டிசம்பரில் தேசியப் பூங்காக் கழகம், 100,000 பவளங்களை நம் கடலில் நடும் திட்டத்தைத் தொடங்கியது. பவளத் துண்டுகளை நாற்றங்கால்களில் வளர்த்துத் திட்டுகளில் நடுவது அதன் வழிமுறை.

இத்திட்டத்துக்கு உழைப்பும் பல ஆண்டுப் பொறுமையும் தேவை. ஆயினும், நட்ட பவளம் நிலைத்திருப்பது அதன் உள்ளே உள்ள பாசியைப் பொறுத்தது. பாசி நிலைத்திருப்பது, பல கோடி ஆண்டுகளுக்கு முன் ஒரு பாக்டீரியாவிடமிருந்து வந்த நொதி சூடேறும் நீரில் தன் வேலையைத் தொடர்வதைப் பொறுத்தது. நொதியின் வேகத்தை நம்மால் மாற்ற இயலாமல் போகலாம். கடலைச் சூடேற்றும் புகையைக் குறைப்பதும், கடலில் சேரும் மண்ணையும் கழிவையும் குறைப்பதும் நம் கையில் இருக்கின்றன. புக்கிட் பாத்தோக்கில் ஒரு கல்சுரங்கம் சில பத்தாண்டுகளில் காடானது. தென்கடலின் திட்டுகளுக்கும் அத்தகைய கால இடைவெளி கிடைக்கவேண்டும். இரண்டு வெளிறல்களுக்கு இடைப்பட்ட ஆண்டுகள் குறைந்துகொண்டே போனால் அது கிடைக்காது.

சிந்தித்து விடையளிக்க

1. பவளம் விலங்காக இருந்தும் அதனுள் ஒளிச்சேர்க்கை நடைபெறுவது எவ்வாறு?
2. மரத்தின் ருபிஸ்கோவுக்கும் பவளப் பாசியின் ருபிஸ்கோவுக்கும் உள்ள வேறுபாடுகளுள் மூன்றினை எழுதுக.
3. 'வெளிறிய பவளம் செத்த பவளம் அன்று. பட்டினி கிடக்கும் பவளம்.' இக்கூற்றை உன் சொந்த நடையில் விளக்குக.
4. வெப்பத்தைத் தாங்கும் பாசியை எல்லாப் பவளங்களுக்கும் கொடுத்துவிடலாம் என்று உன் நண்பர் கூறுகிறார். நீ உடன்படுகிறாயா? காரணங்களுடன் எழுதுக.